மரம் போன வழியில் மனிதர் போன கதை

கலிபோர்னியாவில், லொஸ் ஏஞ்சலீஸ் நகருக்கு அண்மையில், நொட்ஸ் பெரி ஃபாம் என்றொரு கேளிக்கைப் பூங்கா உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தபோது அவளது பிள்ளைகள் இருவரும் என்னை அங்கு இழுத்துச் சென்றனர். நடுவே குடையப்பட்ட மரக்குற்றியின் தோற்றத்தில் ஒரு தோணி. அதில் ஏறுவதற்கு நான் தயங்கியதைக் கண்ட சின்னவள், "பயப்படாதேங்கோ மாமா, உது சின்னப்பிள்ளையளும் போறதுதான்" என்றாள். அதன் பின்னர் ஏறாதிருக்க முடியுமா?

ஏறி அமர்ந்த பின்னரும் தோணி புறப்படவில்லை. கரையில் நின்ற இளைஞன் எங்களை நிறுத்தி வைத்திருந்தான். பத்துப் பதினைந்து விநாடிகள் இருக்கலாம். பிள்ளைகள் பொறுமையிழந்து தோணியின் விளிம்பில் தட்டினார்கள். பிறகு விட்டான். இருண்ட செயற்கை மலைக்குள் ஏறி, மரமறுக்கும் பொம்மைத் தொழிலாளர்களையும் பொம்மைக் கரடிகளையும் கடந்து, 42 அடிச் சரிவில் விழுந்து, முழங்கால் வரை நனைந்து கரைசேர்ந்தோம். எல்லாமாக ஐந்தாறு நிமிடங்கள்தாம்.

அன்றிரவு என் நினைவுக்கு வந்தவர் ஒரு பத்திரிகையாளர். நியூயோர்க் ட்ரிபியூன் பத்திரிகையின் நிருபராக இருந்த எச். ஜே. ராம்ஸ்டெல். இத்தகைய நீர்ச்சவாரி பற்றி எழுதப்பட்ட விவரணங்களுள் மிகவும் பெயர்பெற்றது அவருடையதே. அதை எழுதிய ஆண்டு 1875. அவர் சென்றது கேளிக்கைப் பூங்காவுக்கு அன்று, மரம் இறக்குவதற்காகக் கட்டப்பட்ட உண்மையான வாய்க்காலுக்கு.

அந்த வாய்க்காலை எப்படித் தமிழில் சொல்வது என்று சற்று யோசித்தேன். எங்கள் பக்கத்தில் கூரையிலிருந்து வடியும் மழைநீரை ஏந்திச் செல்வதைப் பீலி என்போம். மலையகத் தோட்டங்களில் நீர் வந்து விழும் இடத்தைப் பீலிக்கரை என்பார்கள். பலகையால் செய்து, கால்கள் நாட்டி, மலையிலிருந்து சமவெளிக்கு இறக்கிய பல மைல் நீளமான பீலி ஒன்றைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். இதனை மரப்பீலி என்றே இங்கு அழைக்கிறேன்.

மரப்பீலி ஏன் வேண்டியிருந்தது என்பதற்கு நெவாடாவின் வெள்ளிச் சுரங்கங்களுக்குப் போக வேண்டும். 1859இல் கொம்ஸ்டொக் என்ற வெள்ளிப் படுகை கண்டுபிடிக்கப்பட்டு, அதன்மேல் வேர்ஜினியா சிற்றி என்ற நகரம் எழுந்தது. கனிமம் கிடைத்த இடத்தில் மண் இளகியது. வெட்ட வெட்டச் சரிந்தது. 1860இல் பிலிப் டைடஸ்ஹைமர் என்ற ஜேர்மானியப் பொறியியலாளர், பருத்த மரச்சட்டங்களைப் பெட்டி பெட்டியாகப் பொருத்தி, தேன்கூடு போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். சுரங்கம் நின்றது. ஆனால் தோண்டத் தோண்ட அத்தனை வெளியையும் மரத்தால் நிரப்ப வேண்டியதாயிற்று. நீராவி இயந்திரங்களுக்கும் விறகு வேண்டும். வேர்ஜினியா சிற்றியைச் சுற்றியிருந்த குன்றுகள் விரைவில் மொட்டையாகின. மேற்கே சியெரா நெவாடா மலைத்தொடரில் காடு இருந்தது. அங்கிருந்து மரத்தை எருதுகளும் கோவேறு கழுதைகளும் இழுத்து வரும் செலவோ தாங்க முடியாததாக இருந்தது.

முதலில் சதுரப் பெட்டி வடிவில் பீலி அமைத்துப் பார்த்தார்கள். மரம் குறுக்கே திரும்பி அடைத்துக் கொண்டது. 1860களின் பிற்பகுதியில் ஜேம்ஸ் ஹெயின்ஸ் என்பவர் இதற்குக் கண்ட தீர்வு மிக எளிமையானது. இரண்டு பலகைகளை ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் ஒன்றோடொன்று பொருத்தினார். இவ்வடிவத்தில் குறைந்த நீரே போதும். மரம் எங்காவது சிக்கினால் அதன் பின்னால் நீர் தேங்கும். தேங்கிய நீர் உயர உயர, பீலி மேலே அகன்றிருப்பதால், மரம் தானாகவே எழுந்து விடுபட்டுப் போய்விடும். அடைப்பை அடைப்பே நீக்கிக் கொள்ளும்! மோட்டாரோ கணிப்பொறியோ இல்லாத காலத்தில் இதைவிடச் சிறந்த தன்னியக்கப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

1875இல் இருந்த நிலை இதுதான். கொம்ஸ்டொக்கின் பெரும் பங்கைத் தம் கைக்குள் வைத்திருந்த நால்வர், மக்கே, ஃபெயர், ஃபிளட், ஓ'பிரையன் ஆகியோர், தமக்கென ஒரு மரக் கம்பனி தொடங்கி, சியெராவின் சரிவிலிருந்து இரயில் பாதையோரமாக இருந்த ஹஃபேக்கர்ஸ் என்ற இடம் வரை 15 மைல் நீளமான மரப்பீலி ஒன்றைக் கட்டுவித்தார்கள். ராம்ஸ்டெல் தரும் கணக்கின்படி அதற்குச் சென்ற பலகை 20 இலட்சம் அடி. ஆணி மட்டும் 56,000 இறாத்தல். செலவு இரண்டு இலட்சம் டொலருக்கு மேல். கட்டி முடிக்க எடுத்த காலம் பத்தே வாரம். பள்ளத்தாக்குகளைக் கடக்குமிடங்களில் அதன் கால்கள் 70 அடி உயரம் வரை நின்றன.

இந்தப் பீலியைப் பார்வையிட ஃபிளட்டும் ஃபெயரும் சென்றபோது ராம்ஸ்டெல்லும் உடன் சென்றார். மரங்கள் பாய்ந்து செல்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் செல்வந்தர்கள் இருவரும் தாங்களே அதில் இறங்கிப் போகப் போவதாகக் கூறி, நிருபரையும் அழைத்தார்கள். கோடிக்கணக்கில் சொத்துள்ளவர்களே உயிரைப் பணயம் வைக்கும்போது, அதில் பாதி விலைகூடப் பெறாத தன் உயிரை வைப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று அவர் தம்மையே தேற்றிக் கொண்டாராம். செய்தி தேடிப் போனவனுக்கு, "நீயும் வருகிறாயா?" என்று கேட்கப்பட்டபின் மறுப்பதற்கு வழியில்லை என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். நான் மறுத்த சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றைப் பற்றி நான் இதுவரை எழுதியதில்லை.

தோணி என்று சொன்னாலும் அது தோணியன்று. பன்றிக்குத் தீன்போடும் தொட்டியின் ஒரு முனையைத் தட்டிக் கழற்றியது போன்ற பொருள். 16 அடி நீளம், பீலியின் அதே 'வி' வடிவம், உட்காரச் சிறு பலகைகள். வேகத்தைக் குறைக்க ஒன்றுமில்லை. நிறுத்தவும் ஒன்றுமில்லை. முதல் தோணியில் ஃபெயரும், ராம்ஸ்டெல்லும், கூட வருமாறு பிடித்து ஏற்றப்பட்ட தச்சுத் தொழிலாளி ஒருவரும். இரண்டாவது தோணியில் ஃபிளட்டும், பீலியின் மேற்பார்வையாளரான ஹெரிஃபோர்ட்டும். முதல் தோணி இறங்கிய கையோடு இரண்டாவதையும் இறக்கிவிட்டார்கள். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறேன்.

பின்னர் நடந்தது சுருக்கமாக இது. ஓரிடத்தில் பீலியின் அடியில் கிடந்த ஏதோவொன்றில் முதல் தோணி மோதி நின்றது. முன்னால் இருந்த தச்சர் பத்தடி தூரம் தூக்கி வீசப்பட்டுப் பீலிக்குள் விழுந்தார். அவரை இழுத்து மீண்டும் தோணிக்குள் போட்டார்கள். தோணி மறுபடி நகர்ந்தது. பின்னால் வந்த தோணிக்கு இது தெரியாது. தெரிந்தாலும் அதனால் ஆகக்கூடியது எதுவுமில்லை. அது வந்து முன்னதன்மீது மோதியது. ஃபிளட் முகங்குப்புற விழ, அவர்மேல் வெள்ளம் பாய்ந்தது. சிதைந்த இரு தோணிகளும் ஒன்றாகி மிச்சத் தூரத்தை ஓடி முடித்தன.

கீழே வந்து சேர்ந்தபோது வேகம் எவ்வளவு என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். ஃபெயரின் கணிப்பு மணிக்கு 60 மைல். ஃபிளட்டுக்கு அது 100 மைல். நிருபரோ காலமும் தூரமும் இல்லாமற் போய்விட்டதாகவே உணர்ந்தார். கடிகாரம் காட்டியது 15 மைலுக்கு 35 நிமிடம். வகுத்துப் பார்த்தால் சராசரி மணிக்கு 26 மைல் கூட வராது. செங்குத்தான இடங்களில் இதைப்போல் இரு மடங்காகவே இருந்திருக்கலாம். எனினும் நேரில் கண்ட சாட்சி சொல்லும் எண்ணுக்கும் கடிகாரம் சொல்லும் எண்ணுக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தைச் செய்தி மேசையில் இருந்த நாட்களில் நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். சாட்சி பொய் சொல்வதில்லை. அஞ்சியவன் அளவுகோல் அப்படித்தான் நீளும்.

மறுநாள் செல்வந்தர் இருவராலும் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. தமது சுரங்கம் முழுவதையும் கொடுத்தாலும் இனி ஏறுவதில்லை என்று ஃபிளட் சொன்னார். ஃபெயர் பின்னாளில் நெவாடாவின் செனட்டராகி வொஷிங்டனுக்குப் போனார். தூக்கி வீசப்பட்ட தச்சர் எழுந்தாரா, அந்த நாளுக்கான கூலி அவருக்குக் கிடைத்ததா என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. அவருடைய பெயரையும் சொல்லவில்லை. ராம்ஸ்டெல்லின் எழுத்தை நான் மிகவும் மெச்சுபவன். ஆயினும் இந்த ஒரு குறையை ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் உணர்கிறேன். இரண்டு கோடீஸ்வரர்களின் பெயர்களை வரலாறு வேறு வழிகளிலும் காப்பாற்றியிருக்கும். தச்சருக்கு அந்த ஒரு பத்திரிகை மட்டுமே இருந்தது.

கட்டுரை இன்று வரை நிலைத்திருப்பதற்கு இன்னொரு பத்திரிகையாளர் காரணம். மார்க் ட்வெயினுடன் வேர்ஜினியா சிற்றியில் ஒரே பத்திரிகையில் பணியாற்றிய வில்லியம் ரைட், டான் டி குவில் என்ற புனைபெயரில் 1876இல் வெளியிட்ட 'த பிக் பொனான்ஸா' என்ற நூலில் அதனைச் சேர்த்துக் கொண்டார். சியெராவின் காடுகள் கொம்ஸ்டொக் சுரங்கங்களுக்குள்ளே புதைக்கப்பட்டன என்ற கருத்தை அக்காலத்திலேயே துணிந்து சொன்னவரும் அவர்தான்.

அந்தப் புதைகுழி அங்கு மட்டும் தோண்டப்படவில்லை. கலிபோர்னியாவின் கிங்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக, மலையிலிருந்து சங்கர் என்ற சிற்றூர் வரை 54 மைல் நீளமான மரப்பீலி 1890இல் பூர்த்தியானது. பீலியோரமாகக் குறுகிய பலகை நடைபாதை. இடையிடையே குடிசைகள். அவற்றில் தங்கி, நீண்ட கொக்கிக் கம்புகளால் மரங்களைத் தள்ளிவிட்டுக் கொண்டிருப்பது தொழிலாளரின் வேலை. ஆபத்தென்றால் அவர்களும் மரத்தோணியில் ஏறியே கீழே போனார்கள். அந்தப் பீலி இறக்கியது உலகின் மிகப் பருமனான மரங்களாகிய செக்கோயாக்களை. கொன்வேர்ஸ் பேசின் என்ற வனத்தில் ஆயிரக்கணக்கானவை வீழ்த்தப்பட்டன. செக்கோயா எளிதில் நொறுங்கும் மரம். விழும் வேகத்தில் அதன் தண்டு சிதறும். ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டு வளர்ந்த மரத்தின் பெரும்பகுதி வேலிக்கட்டையாகவும் கூரை ஓட்டுக்கான சிராயாகவும் முந்திரிகைக் கொடிக்கு ஊன்றுகோலாகவும் போயிற்று. இத்தனைக்கும் கம்பனிக்கு உருப்படியான இலாபமும் வரவில்லை. செக்கோயா தேசியப் பூங்காவை அமெரிக்க அரசாங்கம் பிரகடனம் செய்ததும் அதே 1890இல்தான். பீலி ஒரு புறம், பூங்கா மறுபுறம்.

சவாரி என்ற எண்ணம் மரப்பீலியிலிருந்து நேரடியாகக் கேளிக்கைப் பூங்காவுக்கு வரவில்லை. இலினொய்ஸ் மாநிலத்தின் ரொக் ஐலண்டில் 1884இல், குன்றின் சரிவில் தண்டவாளம் போட்டுத் தட்டையான தோணிகளை ஆற்றுக்குள் வழுக்கிவிடும் விளையாட்டு ஒன்று தொடங்கியது. அதைப் பெருவணிகமாக்கியவர் கப்டன் போல் பொய்ற்றன். காற்றடைத்த இரப்பர் உடையணிந்து ஆங்கிலக் கால்வாயை மிதந்து கடந்து உலகப்புகழ் பெற்றவர். அவர் கடந்ததும் 1875இல்! 1895இல் நியூயோர்க்கின் கோனி ஐலண்டில் அவர் திறந்த பூங்கா, சுற்றி வேலியிட்டு வாயிலில் கட்டணம் வசூலித்த முன்னோடிப் பூங்காக்களில் ஒன்று. தோணி வழுக்கல் அதன் பிரதான கவர்ச்சி. இவற்றில் தோணி நீரில் விழுந்ததே தவிர, நீரால் சுமந்து செல்லப்படவில்லை. குகைக்குள் மெல்ல மிதக்கும் தோணிகள் வேறாக இருந்தன. காதலர்களுக்கு உகந்தவை என்று பெயர் வாங்கியவை. வழுக்கலையும் மிதத்தலையும் இணைத்த முழுமையான மரக்குற்றிச் சவாரி வருவதற்கு 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதனைச் செய்தது கலிபோர்னியாவின் ஏரோ டெவலப்மென்ட் நிறுவனம். 1959இல் டிஸ்னிலாந்துக்காக உருக்குக் குழாய்த் தண்டவாளத்தில் ஓடும் முதலாவது மலைரயிலைச் செய்து கொடுத்த அதே பட்டறை. எட் மோர்கன், கார்ல் பேக்கன் என்ற இருவர் அதன் மூளையும் கையும். அவர்கள் செய்த நீர்ச்சவாரி டெக்சாஸ் மாநிலத்தின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவில் 'எல் அஸெராடெரோ' என்ற பெயரில் திறக்கப்பட்டது. மரம் அரியும் ஆலை என்பது அந்த ஸ்பானிய மொழிப் பெயரின் பொருள். கூட்டம் தாங்காமல் 1968இல் அருகிலேயே இரண்டாவது பீலியும் கட்டினார்கள். மறு ஆண்டு ஜூலையில் நொட்ஸ் பெரி ஃபாமில் பட் ஹேர்ல்பட் தமது செலவில் அமைத்த மலைச்சவாரி திறந்து வைக்கப்பட்டபோது முதலில் ஏறியவர் நடிகர் ஜோன் வெய்ன். நான் நனைந்ததும் அதில்தான்.

இனி அதன் இயக்கத்துக்கு வருவோம். பூங்காப் பீலி பலகையாலானதன்று. கொன்கிரீட் அல்லது கண்ணாடியிழை. அதன் அடியில் எங்கோ ஓரிடத்தில் பெரிய நீர்த்தேக்கம் இருக்கும். அங்கிருந்து பம்பிகள் நீரை இடைவிடாது மேல்மட்டத்துக்குத் தள்ளுகின்றன. அங்கிருந்து மெல்லிய சாய்வில் அது தானாக ஓடி வருகிறது. ஓடும் நீரே தோணியைச் சுமக்கிறது. தோணியில் இயந்திரமில்லை. அதன் அடியிலும் பக்கங்களிலும் சிறு சில்லுகள் மட்டும் இருக்கின்றன. மேலே ஏற வேண்டிய இடத்தில் இரப்பர்ப் பட்டியோ சங்கிலியோ அதனை ஏந்திச் செல்கிறது. பின்னோக்கி நழுவாதபடி பற்களும் உண்டு.

பெருஞ்சரிவில் நீர் மெல்லிய படலமாகவே இருக்கும். அங்கு தோணி மிதப்பதில்லை, சில்லுகளில் ஓடுகிறது. 42 அடி என்பது ஏறத்தாழ 12.8 மீற்றர். உராய்வை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டால், அடிவாரத்தில் வேகம் மணிக்கு 57 கிலோமீற்றர் அளவில் வரும். நடைமுறையில் அதிலும் குறையும். சராசரி வேகத்தை எடுத்துக் கொண்டால் ராம்ஸ்டெல்லின் தோணி இதைவிட மெதுவாகவே போயிருக்கிறது. ஆனால் அவர் அதில் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தார். நாங்கள் அந்த வேகத்தில் இருந்தது ஒரு கணம்.

அடிவாரத்தில் அதை நிறுத்துவது எது? தடுப்புக் கட்டை எதுவும் இல்லை. குளத்து நீரே தடுப்பு. தோணியின் முகப்பு நீரைத் தன் முன்னே உழுது தள்ளுகிறது. தோணியின் வேகம் நீரின் வேகமாக மாறி, இருபுறமும் சுவர் போல எழுந்து விழுகிறது. பிரயாணிகளை மகிழ்விப்பதற்கான அலங்காரமாகத் தோன்றும் அந்த நீர்ச்சிதறல் உண்மையில் பிரேக். ஆகவே குளத்தின் நீர்மட்டம் சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் பிரேக் பிடிக்காது. கூடினால் திடீரென நின்று பிரயாணியின் பல் உடையும்.

நீர்மட்டம்தான் முழுச் சவாரியின் உயிர். பம்பி நின்றால் பீலியில் உள்ள அத்தனை நீரும் வடிந்து கீழே வரும். அதனால்தான் கீழ்த்தேக்கத்தை வழக்கத்தை விடப் பெரிதாக அமைக்கிறார்கள். நீர் வடிந்ததும் தோணிகள் நின்ற இடத்திலேயே தரைதட்டும். ஹெயின்ஸின் மரப்பீலியில் அடைப்பை நீரே நீக்கியது. இங்கு நீரில்லாமையே அடைப்பாகிறது. எனவே இரண்டு தோணிகளுக்கு இடையிலான தூரத்தைக் காப்பதுதான் இச்சவாரியை நடத்துபவர்களின் முதற்கடமை. பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்குள் ஒரு தோணி இருக்கும்வரை அடுத்ததை விடாமல் உணர்கருவிகள் தடுக்கின்றன. இரயில் பாதையில் சமிக்ஞைக் கம்பம் செய்யும் வேலை இது. மெதுவாக ஓடும் இடங்களில் இரண்டு தோணிகள் இலேசாக முட்டிக் கொள்வதால் மோசமில்லை. ஏற்றத்திலும் சரிவின் அடியிலும் முட்டக் கூடாது. 1875இல் ஃபிளட் முகங்குப்புற விழுந்ததிலிருந்து படிக்க வேண்டிய பாடம் அதுவே. அது படிக்கப்பட்டுவிட்டது என்றே நானும் எண்ணியிருந்தேன்.

2016 ஒக்டோபர் 25ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டிலுள்ள டிரீம்வேர்ல்ட் பூங்காவில் நால்வர் உயிரிழந்தார்கள். தண்டர் றிவர் றப்பிட்ஸ் என்ற அந்தச் சவாரி மரக்குற்றித் தோணியின் நெருங்கிய உறவு. வட்டமான தெப்பங்கள், செயற்கை ஆறு, முடிவில் தெப்பத்தை மேலே ஏந்திச் செல்லும் பட்டி. நீரைத் தள்ளிய பெரிய பம்பிகளில் ஒன்று நின்றது. அன்று அது நிற்பது முதல் தடவையன்று. நீர்மட்டம் இறங்கியது. வெறுமையாக வந்த தெப்பம் ஒன்று பட்டியின் முனையில் இருந்த இரும்புச் சட்டங்களின்மேல் தரைதட்டி நின்றது. பின்னால் ஆறு பேரை ஏற்றி வந்த தெப்பத்தைப் பட்டி நிற்காமல் கொண்டுவந்து அதன்மீது மோதியது. தெப்பம் நிமிர்ந்தது. இரு சிறுவர் மட்டும் உயிர் தப்பினர்.

மரண விசாரணையில் வெளிவந்தவை வாசிக்க வேதனையானவை. நீர்மட்டம் குறைந்தால் தானாக அறிந்து சவாரியை நிறுத்தும் சாதனம் அங்கு இருக்கவில்லை. சில ஆயிரம் டொலருக்குள் பொருத்தியிருக்கக் கூடிய சாதனம் அது. பட்டியை இரண்டே விநாடிகளில் நிறுத்தும் பொத்தான் ஒன்று இறங்குதுறையில் இருந்தது. அதற்கு அருகில் நின்ற ஊழியரோ அன்று காலையில்தான் அந்தச் சவாரியில் பயிற்சி பெற்றவர். அந்தப் பொத்தானின் முக்கியத்துவம் அவருக்கு உரியபடி சொல்லிக் கொடுக்கப்படவில்லை. பூங்காவின் உரிமை நிறுவனத்துக்கு 2020 செப்டெம்பரில் 36 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. சவாரி மீண்டும் திறக்கப்படவில்லை.

ஒரு தற்செயலையும் குறிப்பிட வேண்டும். அந்தச் சவாரி திறக்கப்பட்டது 1986இல். வொஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றோரமாக, அமெரிக்காவின் கடைசி மரப்பீலியாக 9 மைல் தூரம் பலகைகளை இறக்கிக் கொண்டிருந்த புரோட்டன் பீலி தன் வேலையை நிறுத்தியதும் 1986இல்தான்.

நொட்ஸ் பெரி ஃபாமும் மரணத்தை அறியாததன்று. 2000இல் அங்கு திறக்கப்பட்ட பெரிலஸ் பிளஞ்ச் என்ற வேறொரு நீர்ச்சவாரியின் சரிவு 115 அடி. ஏறத்தாழச் செங்குத்து. மறு ஆண்டு செப்டெம்பரில் பெண்ணொருவர் அதிலிருந்து வீழ்ந்து இறந்தார். இருக்கைத் தடை இருக்கவே செய்தது. அவரது உடல்வாகுக்கு அது பொருந்தவில்லை. பூட்டுமுறை மாற்றப்பட்டு, 2012 வரை அந்தச் சவாரி ஓடியது. உயரத்தில் போட்டி போடும்போது என்ன நேரும் என்பதற்கு இது உதாரணம். 42 அடி போதாதென்று யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

டிஸ்னிலாந்து 1989இல் திறந்த ஸ்பிளாஷ் மவுண்டன் இவ்வகையில் உலகப்புகழ் பெற்றது. கறுப்பின மக்களை இழிவாகச் சித்திரிக்கும் 1946ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றைத் தழுவியது என்ற கண்டனத்தால் அது 2023இல் மூடப்பட்டு, 2024இல் வேறு கதையுடன் திறக்கப்பட்டது. சரிவும் நீரும் மாறவில்லை. பொம்மைகள் மாறின. நொட்ஸ் சவாரியின் பொம்மைகளும் 2013இல் புதுப்பிக்கப்பட்டவை. நான் கண்ட மரவெட்டிகள் சிரித்த முகத்துடன் வாளிழுத்துக் கொண்டிருந்தார்கள். கொன்வேர்ஸ் பேசினின் அடிக்கட்டைகளை அங்கு எவரும் செய்து வைக்கவில்லை. பத்தடி தூரம் வீசப்பட்ட தச்சரையும் காணவில்லை.

அன்று நனைந்த காலணிகளோடு வெளியே வந்தபோது பிள்ளைகள் மீண்டும் வரிசையில் நிற்கப் போனார்கள். நான் வேலியோரமாக நின்று ஏறுதுறையைப் பார்த்துக் கொண்டிருந்தேன். அதே இளைஞன். நிறைந்த தோணி ஒன்றைப் பிடித்து வைத்திருந்தான். அதில் இருந்தவர்கள் கூச்சலிட்டார்கள். அவன் அவர்களைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த விளக்கையே பார்த்துக் கொண்டு நின்றான். விளக்கு மாறிய பின்னர்தான் விட்டான்.